கதிரைக்கு இரண்டாம் தரம்: ஒரு சிக்கன கடனுதவுச் சங்கத்தின் ஏழு வருடங்கள்

## எதைப் பதிகிறேன்

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில், கரையோரக் கிராமம் ஒன்றில் இயங்கும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் (அங்கத்தவர்களின் சேமிப்பிலிருந்தே அவர்களுக்குக் கடன் கொடுக்கும் சங்கம்) 2018 முதல் 2024 வரை நடந்தவை இவை. ஒரே பெண் அந்தச் சங்கத்துக்கு இரண்டு தரம் தலைவரானார். முதல் தரம் எட்டு மாதத்தில் விலகினார். இரண்டாம் தரம் வந்தவர் இப்போதும் இருக்கிறார். இடைப்பட்ட நாலரை வருடத்தில் அவர் என்ன செய்தார், சங்கம் என்ன செய்தது, ஆலோசகர் என்ற பெயரில் பக்கத்தில் இருந்த நான் எதைச் செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன் என்பதுதான் விஷயம்.

பெயர்களை விட்டுவிட்டேன். எழுதியதை அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு இடத்தைத் திருத்தச் சொன்னார். ஒன்று, ஒரு தொகை. மற்றது, ஒரு கூட்டத்தில் அவர் அழுதார் என்று நான் எழுதியிருந்த வரி. “அழேல்லை மாஸ்டர். கோவம் வந்தா எனக்குக் கண் கலங்கும். அது வேற” என்றார். திருத்திவிட்டேன்.

## பின்னணி

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது வலிகாமம் வடக்கின் கரையோரச் சனம் ஊரைவிட்டு வெளியேறியது. பிறகு அந்தப் பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. போர் முடிந்த பின்னும் காணிகள் துண்டு துண்டாகத்தான் விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில் திரும்பக் கிடைத்தது. நான் சொல்லும் கிராமத்தவர்களும் முகாமிலும் உறவினர் காணியிலும் வாடகை வீட்டிலும் காலத்தைக் கழித்துவிட்டு அந்தக் காலப்பகுதியில் திரும்பியவர்கள். வந்து பார்த்தால் கூரை இல்லாத சுவர், தூர்ந்த கிணறு, எது யாருடைய எல்லை என்று தெரியாத பற்றை. வீட்டுத்திட்டக் காசு கட்டம் கட்டமாக வரும். அடுத்த கட்டம் வரும்வரை சீமெந்துக்கும் கம்பிக்கும் கைக்காசு வேண்டும்.

அந்த இடைவெளிக்குள் நுண்கடன் கம்பனிகள் நுழைந்தன. கிழமைக்குக் கிழமை கட்டு. குழுவில் உள்ள பெண்கள் ஒருவருக்கு ஒருவர் பிணை. ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுத்து, நாலு கடன் புத்தகம் வரை வைத்திருந்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். கட்டுக்குக் காசு வாங்கப் பொடியன்கள் வரும் நாளில் சில வீட்டுப் படலை காலையிலேயே பூட்டியிருக்கும்.

1990க்கு முன் ஊரில் ஒரு கடனுதவுச் சங்கம் இருந்தது. அதன் காசேட்டை அந்நாள் பொருளாளரின் மனைவி இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்திருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர், ஊருக்கே பெரியம்மா. 2017 கடைசியில் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “இதில இருக்கிற சனத்துக்குக் காசு குடுக்கவேணும்” என்றார். விரித்துப் பார்த்தால் ஒருவருடைய முழுச் சேமிப்பும் 300, 400 ரூபா. 1990இல் அது காசு. இப்போது ஒரு கிலோ விளைமீனுக்குக் காணாது. ஆனாலும் கொடுப்பது என்று முடிவானது. அந்தக் கதையிலிருந்துதான் சங்கத்தைத் திரும்பத் தொடங்கும் எண்ணம் எழுந்தது.

புதிதாக ஒன்றைச் செய்கிறோம் என்று யாரும் நினைக்கவில்லை. இலங்கையில் கடன் கூட்டுறவுக்கு 1911இலேயே சட்டம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தவர்கள் 1930களில் மூளாயில் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நடத்தத் தொடங்கியவர்கள். அந்த வைத்தியசாலையில் பிறந்தவர்கள் மூன்று பேர் எங்கள் முதல் கூட்டத்தில் இருந்தார்கள்.

## 2018: முதல் தலைமை

2018 பெப்ரவரியில் 46 அங்கத்தவர்களுடன் சங்கம் தொடங்கியது. 41 பேர் பெண்கள். நான் ஓய்வுபெற்ற வணிகக்கல்வி ஆசிரியன். கணக்கு எழுதப் பழக்குவதற்காக அழைத்திருந்தார்கள்.

தலைவர் யார் என்று கேட்டபோது எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் சொல்ல வந்த பெண்ணுக்கு அப்போது 31 வயது. மூன்று வயதில் இடம்பெயர்ந்து முகாமில் வளர்ந்தவர். வர்த்தகப் பிரிவில் உயர்தரம் வரை படித்தவர். கணவர் அடுத்தவர் போட்டில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். காணி விடுவிப்புக்காக அதிகாரிகளுக்கு முன்னால் சனம் நின்ற நாட்களில் முன்வரிசையில் நின்று, தடுமாறாமல் பேசியவர் இவர்தான். அதை நான் நேரில் கேட்டிருந்தேன். நானே அவர் பெயரை முன்மொழிந்தேன். ஒருவரும் மறுக்கவில்லை.

முதல் ஐந்து மாதம் பார்க்க அழகாக இருந்தது. கடன் விண்ணப்பம் அவரே எழுதுவார், பற்றுச்சீட்டும் அவரே, வங்கிக்கும் அவரே. கூட்டம் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். யாராவது இழுத்து இழுத்துப் பேசினால், “சரி அக்கா, விளங்கிட்டுது” என்று அவரே முடித்துவைப்பார். அப்போது அதைத் திறமை என்று எண்ணினேன். செயலாளருக்கும் பொருளாளருக்கும் வேலையே இல்லாமல் போனதை நான் கவனிக்கவில்லை.

## பட்டியல்

2018 நடுப்பகுதியில் அரசாங்கம் ஒரு நிவாரணத்தை அறிவித்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, மூன்று மாதத்துக்கு மேல் கட்டப்படாமல் இருந்த நுண்கடன்கள் தள்ளுபடி. யாழ்ப்பாணமும் அந்த 12இல் ஒன்று. நொந்துபோயிருந்த பல வீடுகளுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது. எங்களுக்கு வேறொரு சிக்கல் வந்தது. “லோன் எல்லாம் வெட்டுறாங்களாம்” என்ற பேச்சு ஊரில் பரவியபோது, கம்பனிக் கடன் எது, சங்கக் கடன் எது என்ற வேறுபாடு அதில் கரைந்துவிட்டது. ஜூலை வரை ஒழுங்காக வந்த தவணைகளில் பாதிகூட ஓகஸ்டில் வரவில்லை. சங்கத்தில் இருந்ததோ அங்கத்தவர்களின் சொந்தச் சேமிப்பு. அதை யாரும் வெட்டிவிட முடியாது.

ஓகஸ்ட் கடைசியில் ஒருநாள் இரவு அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “மாஸ்டர், கட்டாத ஆக்களின்ர பேரை நாளைக்கு ஒட்டப்போறன்.”

“யோசிச்சுச் செய் பிள்ளை” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இந்த வரியைப் பிறகு திரும்ப எடுப்பேன்.

அடுத்த நாள் காலை வாசிகசாலைச் சுவரில் 13 பெயர்கள், பக்கத்தில் நிலுவைத் தொகை. மத்தியானத்துக்குள் யாரோ கிழித்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே படம் எடுத்தாயிற்று. பின்னேரம் பாரிஸில் இருக்கும் தம்பி அக்காவைக் கூப்பிட்டு, “எங்கட பேரை ஏன் சுவரில ஏத்தினனீ” என்று ஏசுகிறார். கனடாவில் இருக்கும் மச்சாள் கூப்பிடுகிறார். ஐயாயிரம் ரூபா நிலுவை மூன்று நாட்டுக்குப் போய்விட்டது.

போதாக்குறைக்கு, 13 பேரில் ஒருவர் கட்டியிருந்தார். கருவாடு போடும் அக்கா ஒருவர். அவர் கையில் பற்றுச்சீட்டு இருந்தது. பேரேட்டில் மட்டும் ஏறவில்லை. எல்லா வேலையையும் ஒருவரே செய்ததில் அந்த ஒரு சீட்டு விடுபட்டிருந்தது.

அடுத்த இரண்டு மாதத்தில் 11 பேர் சேமிப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் ஒன்பது பேர் பட்டியலில் இருந்தவர்கள். 46 ஆக இருந்த சங்கம் 35 ஆனது.

## விலகலும் சங்கம் எடுத்த முடிவும்

ஒக்டோபர் கூட்டத்தில் அவர் விலகல் கடிதத்தைக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது (காரணம் மேலே சொன்னேன்). செயற்குழுவில் மூன்று கருத்து இருந்தது. சங்கத்தை விட்டே போகட்டும் என்றார்கள் சிலர். சாதாரண அங்கத்தவராக இருக்கட்டும் என்பது இன்னொரு கருத்து. கணக்கு எழுதத் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார், கணக்காளராக வைத்திருப்போம் என்பது என் கருத்து.

பெரியம்மா கடைசியாகப் பேசினார். “கணக்கு எழுதட்டும். ஆனா கந்தோரில இருந்து இல்லை. வீடு வீடாப் போய் எழுதட்டும். ஒட்டின பதின்மூண்டு வீட்டுக்கும் அவவே போகவேணும்.” பிறகு ஒரு நிபந்தனை போட்டார்: முதல் மூன்று மாதம் யாரிடமும் காசு கேட்கக்கூடாது. சேமிப்புப் புத்தகத்தில் விடுபட்டதைப் பதிந்து கொடுத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு இது தண்டனை மாதிரித் தெரிந்தது. பெரியம்மாவிடம் தனியே கேட்டேன். “தண்டனை எண்டா வீட்டில இருக்கச் சொல்லியிருப்பன்” என்றார். அவருடைய கணக்கு வேறு: இந்தப் பிள்ளைக்கு மூளை இருக்கிறது, சனத்தோடு இருந்து பழக்கம் இல்லை, படலையில் நின்றால் அது வரும். காசு கேட்காதே என்றது, கேட்காமல் போனால்தான் உள்ளே கூப்பிடுவார்கள் என்பதற்காக.

தலைவராக ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வந்தார். அமைதியான மனிதர். அவரைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த நாலு வருடம் சங்கம் உடையாமல் இருந்ததற்கு அவரே காரணம்.

## சைக்கிளும் கொப்பியும்: 2018 முதல் 2020 வரை

மாதம் 4,000 ரூபா கொடுப்பனவு. சொந்தச் சைக்கிள். கருவாட்டுக்கார அக்காவின் வீட்டுக்குத்தான் முதலில் போனார். படலையைத் திறக்காமலே அக்கா சொன்னாராம்: “அண்டைக்குப் பேரைச் சுவரில ஒட்டினாய். இண்டைக்கு நீ என்ர படலையில ஒட்டிக்கொண்டு நிக்கிறாய்.” அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, இனிப் போகமாட்டேன் என்றார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை போனார். நாலாம் தரம் போனபோது அக்கா புத்தகத்தைப் படலைக்கு மேலால் நீட்டினார்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் ஒற்றை றூள் கொப்பி. முதலில் திகதி, பெயர், தொகை மட்டும்தான். மூன்று மாதம் கழித்துக் காசு வாங்கத் தொடங்கியபோது, கட்டாதவருக்கு நேரே காரணத்தையும் எழுதத் தொடங்கினார். மாதம் ஒரு தடவை நான் அதைப் பார்ப்பேன். இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பெறுமதியானதாகப் படுவது அந்தக் கொப்பிகள்தான்.

முதல் கொப்பியில் காரணம் என்ற இடத்தில் பல தடவை ஒரே சொல்: “பொய்”. “மகளுக்குக் காய்ச்சல் - பொய்.” “மனிசன் காசு தரேல்லை - பொய்.” இரண்டாம் கொப்பியில் அந்தச் சொல் ஐதாகிறது. மூன்றாவதில் இல்லை. அங்கே இப்படி இருக்கிறது: “மூன்று நாள் கடல் இல்லை.” “எஞ்சின் திருத்தக் கொடுத்தது.” “சாமத்தியவீட்டுக்கு மொய் கொடுத்தது.” சில இடங்களில் “கேட்கவில்லை” என்று இருக்கும். யார் கேட்கவில்லை என்று கேட்டேன். “நான்தான். அந்த வீட்டில அண்டைக்குக் கேக்கேலாது.” அது எழுதப்பட்ட நாளில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவும் இல்லை, நான் துருவவும் இல்லை.

ஆள் ஒரே சீராக மாறினார் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. 2019 நடுவில் செயலாளரோடு சில்லறைக் கணக்கு ஒன்றில் வாய்த்தர்க்கம் வந்து, பெட்டித் திறப்பை மேசையில் போட்டுவிட்டுப் போனார். ஒன்பது நாள் வரவில்லை. தபாலதிபர் ஆள் அனுப்பவில்லை. திறப்பை எடுத்து வேறு ஒருவரிடம் கொடுக்கவும் இல்லை. அது அந்த மேசையிலேயே கிடந்தது. பத்தாம் நாள் வந்து எடுத்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை என்றே அறிகிறேன்.

அதே வருடக் கடைசியில் அவரைச் செயலாளராக்கலாம் என்று செயற்குழு யோசித்தது. நானும் அழுத்திச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். “இன்னும் ஆறு வீட்டுப் படலை திறக்கேல்லை மாஸ்டர்.” முதல் தடவை கதிரையைத் தூக்கிக் கொடுத்தது நான், இரண்டாம் தடவையும் அவசரப்பட்டது நான்தான்.

2020 ஜனவரியில் கொப்பிகளை நிலத்தில் விரித்துவைத்து, பிந்திய தவணைகளை மாதவாரியாக எண்ணினோம். இரண்டு மாரியிலும் ஒரே கதை. நவம்பர், டிசெம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் வந்து குவிந்திருந்தது. வாடைக்காற்றுக் காலம். வடக்குக் கடல் கொந்தளிக்கும், போட்டுகள் கரையில் ஏற்றிக் கிடக்கும். ஜனவரியில் பாடசாலை தொடங்கும். சப்பாத்து, கொப்பி, சீருடை. இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் தவணை அட்டவணைக்குத் தெரிந்திருக்கவில்லை. கிழமைக் கட்டுக் கம்பனிகளைக் குறை சொல்லிக்கொண்டு, நாங்களும் பன்னிரண்டு மாதத்தையும் ஒரே அளவாக வெட்டி வைத்திருந்தோம்.

அவர் ஒரு மாற்று எழுதினார். 45,000 ரூபாக் கடனை மாதம் 3,750 வீதம் பன்னிரண்டு மாதம் அறவிடுவதை விட்டு, ஒன்பது மாதம் 5,000 வீதம் கடனின் முதலை வாங்குவது. மாரி மூன்று மாதமும் வட்டி மட்டும். மாதத்துக்கு ஒரு வீதம் என்பதால் அது 450 ரூபாவுக்குள் அடங்கும்.

2018 என்றால் அதை அவரே எழுந்து வாசித்து, அன்றே நிறைவேற்றியிருப்பார். 2020 பெப்ரவரிப் பொதுக்கூட்டத்தில் அவர் பின்வரிசையில் இருந்தார். எழுந்து சொன்னது கருவாட்டுக்கார அக்கா. அவர் அப்போது திரும்பச் சேர்ந்திருந்தார். உடனே ஒரு தடை வந்தது. வெங்காயம் செய்யும் வீட்டுப் பெண் ஒருவர், “மாரியில விட்டா எங்களுக்கு என்ன லாபம்? எங்களுக்குக் கிண்டும்வரைக்கும்தான் கையில காசில்லை” என்றார். நியாயம். முடிவெடுக்காமல் கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டத்தில், கடன் எடுக்கும்போதே எந்த மூன்று மாதம் என்று அவரவர் குறிக்கலாம் என்றானது. ஊர் அதற்கு “மாரித்தவணை” என்று பெயர் வைத்தது. தோட்டக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்கள், மாரி இல்லாத மாதத்துக்கும்.

## கொரோனாக் காலம்

ஒரு மாதம் கழிந்து, 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு. ஒக்டோபரில் கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொடை மீன்சந்தையில் கொரோனாக் கொத்தணி உருவாகிச் சந்தை மூடப்பட்டபோது, பிடித்த மீனுக்குக் கொழும்பு இல்லாமல் போனது. அந்த இரண்டு தடவையும் சங்கம் கடனின் முதலை அறவிடுவதை நிறுத்தி வட்டியை மட்டும் பதிந்துவைத்தது. யாருக்கு உண்மையில் அடுப்பு எரியவில்லை, யார் சமாளிப்பார்கள் என்று கொப்பியைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். சிறு சேமிப்பு மீளெடுப்புகள் அந்த வரிசையில் போயின. இந்தக் காலத்தில் ஒருவரும் சங்கத்தை விட்டு விலகவில்லை. 2021 முடிவில் அங்கத்தவர்கள் 58.

## 2022: மண்ணெண்ணெயும் வட்டியும்

2022இல் எங்களை இரண்டு பக்கத்தால் நெருக்கியது. முதலில் எண்ணெய். சிறிய போட்டுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பல நாள் எண்ணெயே இல்லை. ஓகஸ்டில் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆக ஏறியது. எண்ணெய் கிடைத்தாலும் கடலுக்குப் போனால் கட்டுமா என்ற நிலை.

மற்றது வட்டி. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. சில மாதங்களில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுக்கும் வங்கிகள் வந்துவிட்டன. நாங்கள் சேமிப்புக்குக் கொடுத்தது 7 வீதம். கையில் நாலு காசு வைத்திருந்த அங்கத்தவர்கள் எடுத்துக்கொண்டு போக வந்தார்கள். அவர்களில் பிழை இல்லை. ஆனால் சேமிப்பின் பெரும்பகுதி கடனாக வெளியே நின்றது. எல்லாரும் ஒரே கிழமையில் கேட்டால் சங்கம் பூட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துத் தபாலதிபர் மகளிடம் கனடாவுக்குப் போக வேண்டி வந்தது. எல்லார் கண்ணும் இவர் பக்கம் திரும்பியது. அவர் உபதலைவராகப் பொறுப்பைப் பார்க்கச் சம்மதித்தார். தலைவர் பதவி பொதுக்கூட்டம் வரை வெறுமையாக இருக்கட்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். “இப்ப தந்தா அவசரத்துக்குத் தந்தது. நாளைக்கு அவசரம் முடிய, ஏன் தந்தனாங்கள் எண்டு யோசிப்பினம்.”

அவர் செய்தது இது. பெரிய வைப்பு வைத்திருந்த 17 வீட்டுக்கும் பேரேட்டைக் கொண்டு போனார். சங்கத்தின் முழுக் கணக்கையும் திறந்து காட்டினார்: இவ்வளவு வெளியே நிற்கிறது, இவ்வளவு பெட்டியில், இவ்வளவு வங்கியில். “எடுக்கலாம். ஆனா வரிசையில எடுங்கோ” என்று கேட்டார். யார் எந்த மாதம் என்று ஒரு தாளில் அவர்களே எழுதினார்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டலாமா என்று செயலாளர் கேட்டபோது, வேண்டாம் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நாலு வருடத்துக்குப் பிறகு அந்தப் பட்டியலைப் பற்றி எல்லாரும் சேர்ந்து பேசியது அன்றைக்குத்தான்.

19 இலட்சம் ரூபா வைப்பில் 4 இலட்சம் வெளியே போனது. 2023 ஜூனில் வட்டி வீதங்கள் இறங்கத் தொடங்கிய பிறகு அதில் பெரும்பகுதி திரும்பி வந்தது.

## இரண்டாம் தரம்

2023 மார்ச் பொதுக்கூட்டத்தில் அவர் தலைவரானார். இம்முறை முன்மொழிந்தவர் கருவாட்டுக்கார அக்கா. அதே கூட்டத்தில் அக்கா பொருளாளரானார். பொறுப்பேற்க முன் தலைவர் கேட்டது இரண்டு விஷயம். வீடு வீடாகப் போகும் வேலைக்கு இரண்டு பேரைப் பழக்க வேண்டும். எந்தக் கடனையும் மூன்று பேர் பார்க்காமல் கொடுக்கக்கூடாது.

ஒரு கூட்டத்தை மட்டும் சொல்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் பின்னர் ஃபெங்கால் (Fengal) புயலாக மாறிய தாழமுக்கம் யாழ்ப்பாணத்தை மழையில் அமிழ்த்தியது. எங்கள் ஊரிலும் வீடுகளுக்குள் வெள்ளம், கோழிகள் செத்தன, வெங்காயப் பாத்தி அழுகியது. வெள்ளம் வடிந்த கையோடு கூடினோம். ஆளுக்கு 50,000 வேண்டும் என்ற குரல்தான் எங்கும். கூட்டிப் பார்த்தால் 14 இலட்சம். கையில் 9 இலட்சம்.

நாற்பது நிமிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், அதனால் தெரியும். இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். ஒருவர் பழைய பட்டியல் கதையைக்கூட இழுத்தார். கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஆருக்கு இண்டைக்கே வேணும், ஆருக்கு ரெண்டு கிழமை கழிச்சும் காணும்?” இன்றைக்கே என்று எட்டுப் பேர் கை தூக்கினார்கள். தூக்கிய இருவர் பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார்கள். மற்றவர்கள் தங்களுக்குள்ளேயே வரிசை போட்டுக்கொண்டார்கள். 14 இலட்சம் தேவைப்படவில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இப்போது கூட்டங்கள் இரண்டு மணித்தியாலம் போகின்றன, செயலாளர் புறுபுறுக்கிறார். மூன்று பேர் பார்க்க வேண்டும் என்ற விதியால் ஓர் எஞ்சின் கடன் ஆறு கிழமை இழுபட்டு, அந்த அங்கத்தவர் நகையை அடைவு வைத்துவிட்டார். ஆறு கிழமை அவருக்குத் தொழில் கெட்டது சங்கத்தின் பிழைதான்.

2024 முடிவில் அங்கத்தவர்கள் 93. மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்த கடன்கள் நாலு.

## மறுபடி செய்வதானால்

முதலாவது, அந்த இரவுத் தொலைபேசி. பேர் ஒட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவன். வகுப்பறைக் கரும்பலகையில் பெயர் எழுதினால் பிள்ளை என்ன ஆகும் என்று தெரியாதவனல்ல. விட்டுப் பார்ப்போம், பட்டுப் பழகட்டும் என்று நினைத்தேன். அதைப் பொறுமை என்றும் நினைத்துக்கொண்டேன். ஆனால் பட்டது அவர் மட்டும் இல்லை. பதின்மூன்று பெண்கள் பட்டார்கள். அதில் ஒருவர் நிலுவையே இல்லாதவர். பழகுகிறவரின் பிழைக்கு அவரே விலை கொடுப்பதானால் பொறுத்துப் பார்க்கலாம். விலை வேறு யாரோ கொடுக்கப் போகிறார்கள் என்றால், சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்றிரவே போய் நிறுத்த வேண்டும். நான் போகவில்லை.

இரண்டாவது, 4,000 ரூபா. ஐந்து வருடம் அதை 6,000 ஆகக்கூட உயர்த்தாமல், “என்ன பொறுமையான பிள்ளை” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2022இல் அந்தக் காசுக்கு இரண்டு கிழமைச் சாப்பாடு வராது. அவர் கேட்கவில்லை என்பதற்காக நாங்கள் கொடுக்காமல் இருந்தது கணக்கில் எங்கே பதியப்பட வேண்டும் என்று ஒரு வணிகக்கல்வி ஆசிரியனாக எனக்குத் தெரிகிறது.

மூன்றாவது, தலைவரைத் தேர்ந்த முறை. நன்றாகப் பேசுகிறவர் தலைமைக்கு ஏற்றவர் என்று எடுத்துக்கொண்டேன். அதிகாரிக்கு முன்னால் பேசுவதும் அயல் வீட்டுக்காரரிடம் கடன் கேட்பதும் வேறு வேறு வேலை. 2023இல் ஒரு விதி வைத்தோம்: இரண்டு வருடம் வீடு வீடாகப் போய்க் கணக்கு எழுதியவரே பதவிக்கு வரலாம். விதி நல்லது என்று பெருமைப்பட்டோம். ஒரு வருடத்துக்குள் இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகள், இரண்டு வருடமா என்று விட்டுப் போனார்கள். ஒருவர் இப்போது நகரத்தில் கடை வைத்திருக்கிறார். ஒரு ஆளுக்குத் தேவைப்பட்ட காலத்தை எல்லாருக்குமான அளவுகோலாக்கியது எங்கள் அவசரப் புத்திதான். இப்போது அதை ஒரு வருடமாகக் குறைத்து, தொடக்கத்திலிருந்தே செயற்குழுக் கூட்டத்தில் பேச இடம் கொடுத்திருக்கிறோம். சரிவருமா என்று இரண்டு மாரி போகப் பார்க்கவேண்டும்.

## கட்டி முடியாத ஒன்று

பட்டியலில் இருந்த 13 பேரில் பத்துப் பேர் இப்போது சங்கத்தில் இருக்கிறார்கள். ஒருவர் வெளிநாடு போய்விட்டார். இரண்டு பேர் திரும்பவில்லை. அந்த இருவருக்கும் சங்கத்தில் சிறு தொகை மிச்சம் நிற்கிறது, எடுக்காமல் விட்ட பங்குப்பணம். ஒவ்வொரு தைமாதமும் அதைப் புத்தகத்தில் பதிந்துகொண்டு தலைவர் நேரே போவார். அந்த வேலையை அவர் புதிதாகப் பழகும் இருவரிடமும் கொடுக்கவில்லை.

இந்தத் தையில் நானும் சைக்கிளில் பின்னால் போனேன். முதல் வீட்டில் படலை பூட்டு. இரண்டாம் வீட்டில் அந்த அம்மா எழும்பி வந்து படலையைத் திறந்தார். புத்தகத்தை வாங்கவில்லை. “வெயில் ஏறிட்டுது, உள்ளுக்கு வந்து தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ” என்றார். புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தோம்.